மூடியில் இருந்த ஐந்து புள்ளிகள்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். எனக்கு எதையும் அப்படித்தான் தொடங்க வரும்.

1. எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. தகரம். மூடியில் அச்சிட்ட படம்.

2. அம்மா அதில் கடலை மிட்டாய் வைத்திருந்தாள். எனக்குப் பதினாலு வயதும் தங்கைக்கு ஆறு வயதும் நடக்கும்போது அம்மா இறந்தாள்.

3. அதற்குப் பின் வந்த மழைக்காலங்களில் மூடியில் துருப்புள்ளிகள் தோன்றின.

4. ஒன்பது வருடம் கழித்து ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வந்த நான், படத்துக்குச் சேதம் வராமல் அந்தத் துருவை எடுத்தேன். இரண்டு நாள் பிடித்தது. நன்றாகச் செய்தேன்.

5. அந்தப் புள்ளிகளில் ஐந்து, அம்மாவின் விரல்கள் பட்ட இடங்கள். தங்கைக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது.

6. தன் கை எப்போது அம்மாவின் கை அளவுக்கு வரும் என்று அந்த ஐந்து புள்ளிகளின்மேல் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் தங்கை.

7. துருவை எடுத்த பிறகு நான் ஒரு பொய்யும் சொன்னேன்.

ஏழாவது மற்றவற்றைவிடச் சிறியது. ஆனால் எழுதக் கஷ்டமாக இருப்பது அதுதான்.

அம்மா வேலை பார்த்த இடத்தைத் தீப்பெட்டி ஆபீஸ் என்போம். கோவில்பட்டியில் தீப்பெட்டி செய்கிற இடம் எதுவானாலும் அது ஆபீஸ்தான். மேசையும் மின்விசிறியும் இல்லாத ஆபீஸ். குச்சியின் தலையை முக்குகிற கலவைக்கு மருந்து என்று பெயர். மருந்து காய்ந்த குச்சிகளை அள்ளி, கண்ணால் பார்க்காமலே அளவு தப்பாமல் பெட்டிக்குள் அடைப்பது அம்மாவின் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவள் விரல் நுனிகளில் மட்டும் செங்கல் நிறத்தில் தூள் அப்பியிருக்கும்.

டப்பா, அப்பாவுக்கு மில்லில் ஒரு தீபாவளிக்குக் கிடைத்தது. பிஸ்கட்டை நாங்கள் இரண்டே நாளில் தீர்த்தோம். டப்பாவை அம்மா எடுத்துக்கொண்டாள். ஒரு சாண் நீளம், அரைச் சாணுக்குச் சற்று அதிகமான அகலம். மூடிக்குக் கீல் கிடையாது. மேலே வைத்து அழுத்தி மூட வேண்டும். மூடியில் ஒரு ஏரி, ஏரியில் இரண்டு அன்னம், கரையில் சிவப்புக் கூரை போட்ட வீடு, அதற்குப் பின்னால் பனிமலை. ஓரம் சுற்றிலும் தங்க நிறத்தில் கொடியும் இலையும். தங்கை அந்த மலையை உப்பு என்றாள். தூத்துக்குடி போகும் வழியில் உப்பளத்தில் குவித்து வைத்திருப்பதைப் பார்த்திருந்தாள். பனியைப் பற்றி நான் எவ்வளவோ சொல்லியும் அவளுக்கு அது உப்புதான்.

அம்மா வாசலில் செருப்பை விடும்போதே நாங்கள் டப்பாவோடு போய் நிற்போம். கை கழுவ விடமாட்டோம்.

"கையில மருந்துட்டி. கழுவிட்டு வாரேன்."

"நீ கழுவப் போனா அப்படியே தண்ணி பிடிக்கப் போயிருவ" என்பேன். பொய்யில்லை. குழாயில் தண்ணீர் வருகிற நாளென்றால், குடத்தோடு போனவள் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவாள்.

அம்மா அப்படியே வாசற்படியில் உட்காருவாள். டப்பாவை மடியில் வைத்து, வலது கையால் மூடியைத் தூக்கிப் பிடிப்பாள்.

"நீங்களே எடுங்க. என் கை படக் கூடாது. ஆளுக்கு ஒண்ணு. ஒண்ணுன்னா ஒண்ணு."

"பெரிய ஒண்ணாம்மா, சின்ன ஒண்ணா?" என்பாள் தங்கை.

"உன் வாய்க்கு டப்பாவே பத்தாதுட்டி."

மிட்டாயை அம்மா தொட்டதே இல்லை. மூடியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பாள். முன் ஓரத்தில் கட்டைவிரல். பின் ஓரத்தை ஒட்டி மற்ற நான்கு விரல்கள். நான் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவேன். தங்கை நின்று, ஒவ்வொன்றாகப் புரட்டி, கடலை அதிகமாக இருப்பதைத் தேடுவாள். அவள் தேடி முடிக்கும்வரை அம்மா மூடியைப் பிடித்தபடி இருப்பாள். தங்கையின் உயரத்துக்கு மூடி அவள் முகத்துக்கு நேராக வரும். அம்மாவின் விரல்களை அவள் தினமும் அவ்வளவு பக்கத்தில் பார்த்திருக்கிறாள்.

மூடியதும் அம்மா முந்தானையால் மூடியை ஒரு துடை துடைப்பாள். பிறகுதான் எழுந்து கை கழுவப் போவாள்.

வயிற்றுவலி என்று அம்மாவைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனார்கள். மூன்றாவது வாரம் உயிரில்லாமல் கொண்டு வந்தார்கள். தங்கைக்கு முகத்தை மட்டும் காட்டினார்கள். கைகளைச் சேர்த்துக் கட்டி, மேலே சேலை போர்த்தியிருந்தது. வீட்டில் அம்மாவின் படம் ஒன்றே ஒன்றுதான், கல்யாணத்தில் எடுத்தது. அதிலும் மாலை பெரிதாக இருந்ததால் கைகள் தெரியாது.

அதற்குப் பிறகு டப்பாவில் மிட்டாய் இல்லை. ரேஷன் கார்டு, என் மார்க் ஷீட்டுகள், தங்கையின் ரிப்பன், உடைந்த ஜாமெட்ரி பாக்ஸ் சாமான்கள். மூடியைத் துடைக்கவும் ஆளில்லை. தீப்பெட்டி மருந்தில் இருப்பதும் ஒரு வகை உப்பு. வியர்வையிலும் உப்பு. அச்சு மையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால், அதன் வழியாக இறங்கித் தகரத்துக்கு அடியிலுள்ள இரும்பைப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் துருவாக மேலே வரும். அம்மா இருந்தவரை அவள் விரல் பட்ட இடம் ஒன்றும் தெரியவில்லை. அவள் போன பிறகு, மழைக்கு மழை, ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இதை இப்போது எழுதுகிறேன். அப்போது எனக்கு அது வெறும் துரு.

துரு என் வேலையும்கூட. பாலிடெக்னிக் முடித்து, கோயம்புத்தூரில் முலாம் பூசும் கம்பெனி ஒன்றில் சோதனைப் பிரிவில் சேர்ந்திருந்தேன். முலாம் பூசிய பாகங்களை ஒரு பெட்டிக்குள் வைத்து, உப்புத் தண்ணீரைப் புகைபோல் தெளித்துக்கொண்டே இருப்போம். சில நாள் கழித்து வெளியே எடுத்து, வந்திருக்கும் துருப்புள்ளிகளை லென்ஸ் வைத்து எண்ணுவோம். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு புள்ளியையும் குறிப்போம். இடம், அளவு, காரணம் என்று மூன்று பத்திகள். அளந்ததை மாற்றி எழுதுவது அங்கே திருடுவதற்குச் சமம். மூன்று வருடத்தில் நான் ஒரு எண்ணைக்கூட மாற்றியதில்லை.

லீவில் வீட்டுக்கு வரும்போது என்னுடைய பட்டியல் போடும் பழக்கம் தங்கைக்கு நல்ல தீனி. "அக்கா குளிக்கப் போறதுக்கும் லிஸ்ட் போடும்ப்பா. ஒண்ணு வாளி, ரெண்டு சோப்பு, மூணு அக்கா" என்பாள். அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மூணாவதை மறந்துட்டுப் போயிராத தாயி" என்பார்.

தை பிறக்கும் முன் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். சாமான்கள் அத்தனையும் தெருவுக்கு வரும். பித்தளை புளி போட்டுத் துலக்கப்படும், மரச்சாமான் கழுவப்படும், உதவாதது எரியும். பழைய அழுக்கோடு எந்தப் பொருளும் தை மாதத்துக்குள் போகக் கூடாது. அந்த வருடம் நான் நான்கு நாள் முன்பாகவே வந்துவிட்டேன். தங்கை வீட்டில் இல்லை. இடைசெவலில் அத்தை காட்டில் உளுந்து பறிப்பு; உதவிக்குப் போயிருந்தாள். அவள் அப்போது பத்தாம் வகுப்பு. பரீட்சை முடிந்ததும் அவளைத் திருநெல்வேலியில் விடுதியில் சேர்ப்பதாகப் பேச்சு. டப்பாவைப் புதுசுபோல் ஆக்கி அவளிடம் கொடுக்க வேண்டும் என்று நான் கோயம்புத்தூரிலேயே என் பட்டியலில் எழுதியிருந்தேன்.

"புளியும் சாம்பலும் போட்டு ஒரு தேய் தேய்ச்சா பளபளன்னு ஆயிரும் தாயி" என்றார் அப்பா.

"பித்தளைக்குச் சரிப்பா. இது அச்சுத் தகரம். புளி பட்டா அன்னம் ரெண்டும் பறந்துரும்."

"பறந்தா என்ன, பிடிச்சுக் குழம்பு வைப்போம்."

துடைப்பதற்கு முன்னால், பழக்கதோஷத்தில், நோட்டில் மூடியின் படம் வரைந்தேன். மொத்தம் பதினொரு புள்ளிகள். ஒவ்வொன்றும் ஓரத்திலிருந்தும், இருப்பதிலேயே பெரிய புள்ளியிலிருந்தும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதினேன். ஆறு புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. மற்ற ஐந்தில் ஒன்று முன் ஓரத்தில், தண்ணீரின்மேல், எல்லாவற்றிலும் பெரியது, நீள்வட்டம். நான்கு பின் ஓரத்தில், தங்க இலைகளை ஒட்டி, ஏறத்தாழ ஒரே இடைவெளியில். காரணம் என்ற பத்தியில் அந்த ஐந்துக்கும் நேராக 'ஈரக் கை, உப்பு' என்று எழுதினேன். கை என்று நானே எழுதினேன். யாருடைய கை என்று கேட்பதற்கு அந்தத் தாளில் பத்தி இல்லை.

வேலையைச் சொல்கிறேன். சோப்புத் தண்ணீரில் பிழிந்த மெல்லிய துணியால் மூடியை ஒற்றி எடுத்து, நிழலில் உலர்த்தினேன். கண்ணில் படாத அடி ஓரத்தில் ஒவ்வொரு நிறத்திலும் எண்ணெய் தொட்டு, சாயம் பஞ்சில் இறங்குகிறதா என்று பார்த்தேன். சிவப்பும் நீலமும் உறுதி. தங்க நிறம் நிஜத் தங்கம் அல்ல, தகரத்தின்மேல் பூசிய மஞ்சள் வார்னிஷ். அழுத்தினால் முதலில் போவது அதுதான். ஒவ்வொரு புள்ளியிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு வைத்து அரை நாள் ஊற விட்டேன். பரணில் மருந்து வைக்காத வெறுங்குச்சிகள் ஒரு கட்டு கிடந்தது. அம்மா எப்போதோ அடுப்புக்கென்று கொண்டு வந்தவை. அதில் ஒன்றை எடுத்து நுனியைப் பல்லால் நசுக்கி, பஞ்சு சுற்றி, புள்ளியின்மேல் உருட்டினேன். தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும். இருபது எண்ணும்வரை உருட்டிவிட்டுத் துடைத்து, லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். பஞ்சு பழுப்பாக வந்தால் துரு. பஞ்சில் நிறம் வந்தால் நிறுத்த வேண்டும். பிறகு புதுக் குச்சி, புதுப் பஞ்சு.

பின் ஓரத்து நான்கும் முதல் நாளே கழன்றன. அவற்றுக்கு அடியில் தங்க இலை பாதி மிஞ்சியிருந்தது. பெரிய புள்ளியை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொண்டேன். அது ஆழம். இரும்பில் குழி விழுந்திருந்தது. ஊசியால் குத்தினால் பக்கத்து நீலம் பெயரும். குச்சியைப் பிளேடால் கூராகச் சீவி, எண்ணெயில் நனைத்து, குழியின் அடி வரைக்கும் இறங்கிச் சுத்தம் செய்தேன். அதற்கு மட்டும் அரை நாள். முடித்தபோது, ஊசிமுனை அளவு குழியைத் தவிர, இரண்டு அன்னங்களுக்கு நடுவே தண்ணீர் நீலமாக இருந்தது. இவ்வளவு நல்ல வேலையைக் கம்பெனியில்கூடச் செய்ததில்லை என்று நினைத்தேன். கடைசியாக, இனி ஈரம் படாமலிருக்க, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாக எண்ணெய் பூசினேன்.

உருட்டிய குச்சிகள் நாற்பத்து மூன்று. எண்ணெய்ப் பஞ்சு சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதால் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் தங்கை வந்தாள். காலில் கரிசல் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. கையில் உளுந்து மூட்டை.

"வீடே வெளுத்துப் போச்சே. என்னைய மட்டுந்தான் விட்டு வச்சிருக்க போல" என்றாள்.

"உன்னை வெளுக்கச் சுண்ணாம்பு பத்தாதுட்டி" என்று சொல்லி டப்பாவை நீட்டினேன்.

முதலில் சிரித்தாள். அன்னத்தைப் பார்த்தாள், உப்பு மலையைப் பார்த்தாள். பிறகு அவள் வலது கை தானாக மூடிமேல் போனது. கட்டைவிரல் முன்னால், நான்கு விரல் பின்னால். போனது, உட்காராமல் மேலேயே நின்றது. இடம் தெரியாமல் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்ந்தது.

"இதுல இருந்தது எங்கக்கா?"

"உள்ள இருந்ததா? தட்டுல எடுத்து வச்சிருக்கேன்."

"உள்ள இல்ல. மேல."

"துருவா? எடுத்துட்டேன். கலர் கொஞ்சங்கூடப் போகல பாரு."

"எல்லாத்தையுமா?"

"பதினொண்ணும்."

அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். "அது அம்மா கை" என்றாள்.

நான் ஏதோ கேட்டேன். என்ன கேட்டேன் என்று நினைவில்லை. அவள் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் சொன்னாள். மருந்துக் கையோடு அம்மா மூடியைப் பிடிக்கும் இடம் அது. இரண்டாம் வகுப்பில் அந்தப் புள்ளிகளைக் கண்டுபிடித்தாள். அப்போது கட்டைவிரலை வைத்தால் மற்ற விரல்கள் கூரையைக்கூடத் தொடவில்லை. ஐந்தாம் வகுப்பில் கூரையைத் தாண்டின. எட்டாம் வகுப்பில் நடுவிரல் எட்டியது.

"போன மாசம் நாலு விரல் சரியா உக்காந்துச்சு. சுண்டுவிரல்தான் ஒரு குச்சிக் கனம் எட்டல" என்றாள்.

"என்கிட்ட ஏன்ட்டி சொல்லல?"

"நீயுந்தான அதுல மிட்டாய் எடுத்த. உனக்கும் தெரியும்னு நினைச்சேன்."

அவள் கீழே வைத்த டப்பாவைத் திரும்ப எடுத்து மூடியைத் தடவினாள்.

"துடைச்ச பஞ்செல்லாம் எங்க?"

நான் அடுப்பைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு குச்சியால் சாம்பலைக் கிளறினாள். இரண்டு நாள் வெந்நீர் போட்ட சாம்பல். அழவில்லை. ஒரு பக்கமாகக் கிளறி முடித்துவிட்டு மறுபக்கம் கிளறினாள். அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒருநா இவ மூடியைத் தடவிக்கிட்டு நின்னா" என்றார் என்னிடம். "மிட்டாய்க்கு ஏங்குதான்னு நினைச்சு பஜாருக்குப் போயி வாங்கிட்டு வந்தேன்."

"வாங்கிட்டு வந்தீங்க. நான் தின்னேன்" என்றாள் தங்கை, அடுப்பைப் பார்த்தபடியே.

மறுநாள் பொங்கல் பொங்கியது. மூன்று பேரும் சாப்பிட்டோம். அவள் என்னோடு பேசாமல் இல்லை. கரண்டி எடு, தண்ணி வை என்பதெல்லாம் பேசினாள். கேலி மட்டும் பேசவில்லை.

இனி ஏழாவது.

என்னிடம் நோட்டு இருந்தது. ஐந்து புள்ளிகளின் இடமும் மில்லிமீட்டர் சுத்தமாக அதில் இருந்தது. மாட்டுப்பொங்கல் அன்று மதியம், அவள் தூங்கும்போது, அளவுகோலும் பென்சிலும் வைத்து மூடியின்மேல் ஐந்து வட்டங்கள் போட ஆரம்பித்தேன். எண்ணெயைத் துடைத்துவிட்டு மெல்லிசாக வரைந்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிர விரல், நான்கும் நோட்டில் உள்ளபடி. சுண்டுவிரலுக்கு வந்தபோது நின்றேன். கட்டைவிரல் புள்ளியிலிருந்து நூற்றுப் பதினெட்டு என்று எழுதியிருந்தது. ஒரு குச்சிக் கனம் என்பது இரண்டு மில்லிமீட்டர். நூற்றுப் பதினாறில் போட்டேன்.

எட்டு வருடமாக அவள் காத்திருந்தது நடக்கட்டும் என்று நினைத்தேன். வேறு காரணம் இல்லை.

அவள் எழுந்து வந்ததும் காட்டினேன். நோட்டிலிருந்து எடுத்தேன், அதே இடம், அதே அளவு என்று சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் மாறியது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து வைத்தாள். ஐந்து விரலும் ஐந்து வட்டத்தில் உட்கார்ந்தன. சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"சுண்டுவிரல் அங்க இல்லக்கா" என்றாள்.

"நோட்டுல இருக்கிறபடிதான் போட்டேன்."

அவள் நோட்டை எடுத்தாள். என் கையிலிருந்த அளவுகோலை வாங்கினாள். மூடியில் வைத்துக் குனிந்து பார்த்தாள்.

"நோட்டுல நூத்திப் பதினெட்டு. இங்க நூத்திப் பதினாறு."

சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அளவுகோலை மேசைமேல் வைத்துவிட்டு, தாவணி நுனியை நனைத்து ஐந்து வட்டத்தையும் துடைத்தாள். நான் திரும்பச் சரியாக வரைந்து தருகிறேன் என்றேன்.

"வேண்டாம். நீ எதை வரைஞ்சாலும் அது உன் பென்சில்" என்றாள்.

நான் கோயம்புத்தூர் புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். பையை ஏற்றி வைத்துவிட்டு, ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்டாள்.

"நெசத்தச் சொல்லு. மறுபடி வருமா?"

"குழிக்குள்ள உப்பு மிச்சம் இருந்தா, ஈரம் பட்டா, அதே இடத்துல வரும்."

"மிச்சம் இருக்கா?"

"தெரியல. நான் நல்லா எடுத்துட்டேன்."

"எண்ணெய் இருந்தா?"

"எண்ணெய் இருக்கிற வரை வராது."

அன்றைக்கே அவள் மூடியைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவி மிச்ச எண்ணெயையும் எடுத்துவிட்டாள் என்று அப்பா பிறகு சொன்னார்.

அந்த வருடம் ஐப்பசியில் மழை இல்லை. கார்த்திகையிலும் இல்லை. காட்டில் விதைத்த கம்பு முளைத்துக் கருகியது. பருத்தி முழங்கால் உயரத்தோடு நின்றது. தங்கை டப்பாவோடு விடுதிக்குப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து என் விடுதிக்குப் பேசுவாள்.

"அங்க மழையாக்கா?"

"இங்க பெய்யுது. அங்கன?"

"துளி இல்ல."

மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். லீவில் இடைசெவலுக்குப் போனால் அவள் தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அத்தை கேலி செய்திருக்கிறாள்: "என்னட்டி, வெள்ளாமை பண்ற சம்சாரி நாங்களே விட்டுட்டோம். உனக்கு எந்தக் காட்டுல பருத்தி நிக்கி?" அத்தைக்கு விஷயம் தெரியாது. ஊரே பயிருக்கு மழை கேட்டுக்கொண்டிருந்தபோது, தங்கை ஒரு டப்பாவில் துரு வருவதற்கு மழை கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் கேட்டேன். தகரம் துருப்பிடிக்க வேண்டும் என்று, துருவை எண்ணுகிற வேலையில் உட்கார்ந்துகொண்டு கேட்டேன்.

அதற்கடுத்த வருடம் மழை பெய்தது. மார்கழியில் அவள் விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது நானும் வந்திருந்தேன். டப்பாவை என் முன்னால் வைத்து, லென்ஸை என் கையில் கொடுத்தாள். நான் மூடியைத் தொடாமல், குனிந்து பார்த்தேன். பிறகு நோட்டைப் பிரித்து, அவள் பார்க்க, அளவுகோலை அவள் கையாலேயே வைக்கச் சொல்லி, அவள் வாசித்த எண்ணை அப்படியே எழுதினேன்.

இப்போதைய நிலவரம் இது. தங்கைக்குப் பதினேழு வயது. டப்பா அவளிடம் இருக்கிறது. மூடியில் எண்ணெய் இல்லை. பின் ஓரத்தில் இரண்டு இடத்தில் துரு வந்திருக்கிறது, கடுகளவு. ஒன்று ஆள்காட்டி விரல் இருந்த இடம். இன்னொன்று சுண்டுவிரல் இருந்த இடம், நூற்றுப் பதினெட்டில். அது அம்மா விட்ட உப்பா, வேறு யாருடைய ஈரமா என்று சொல்ல என்னிடம் சோதனை இல்லை, அவளும் கேட்கவில்லை. கட்டைவிரல் இருந்த இடத்தில் ஒன்றும் வரவில்லை. நான் அடி வரைக்கும் சுத்தம் செய்த குழி அது. குழி இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். ஆனால் அங்கேயும் துரு வரட்டும் என்று, அவள் இன்னும் கையை வைத்துப் பார்க்கவில்லை.